காந்தப் பட்டையில் ஓடும் ஏஜிவி: தொழிற்சாலைக்குள் முதல் வண்டியை நிறுவும் முறை

ஸ்டோர்ஸிலிருந்து அசெம்பிளி லைனுக்கு உதிரிபாக ட்ராலிகளை ஆள் இல்லாமல் இழுத்துச் செல்லும் ஏஜிவியை (AGV, தானாக வழியறிந்து ஓடும் வண்டி) முதன்முறையாக நிறுவப் போகும் பொறியாளர்களுக்காகவும் சூப்பர்வைசர்களுக்காகவும் இது எழுதப்படுகிறது. தரையில் ஒட்டிய காந்தப் பட்டையைப் பின்தொடரும் வகையை எடுத்துக்கொள்கிறேன். ஒரகடம், ஓசூர், கோவைப் பகுதிகளின் வாகன உதிரிபாக ஆலைகளில் ஒரே ஸ்டோர்ஸும் ஒரே லைனும் நிலையான பாதையும் இருக்கும் இடத்திற்கு இதுவே போதுமானது. பழுது வந்தால் ஆலையின் மெயின்டனன்ஸ் ஆட்களே சரிசெய்யவும் முடியும். பாதை அடிக்கடி மாறும் கிடங்குகளுக்கு லேசர் ஸ்கேனரால் சுற்றுப்புறத்தை அடையாளம் காணும் வண்டிகள் பொருந்தும். க்யூஆர் கட்டங்கள் ஒட்டிய தரையில் அலமாரிகளைத் தூக்கிச் செல்லும் வகை, ஆட்கள் நுழையாதபடி வேலியிட்ட பகுதிக்கானது.

புதியவர்கள் பெரும்பாலும் வண்டியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து தொடங்குகிறார்கள். அந்த வரிசைதான் பின்னர் வரும் தொல்லைகளில் பாதிக்குக் காரணம். வேலை, ட்ராலி, பாதை, எண்ணிக்கை ஆகிய நான்கும் முடிவான பிறகே வண்டிக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் அடுத்ததைத் தீர்மானிப்பதால் இந்த வரிசையை மாற்ற இயலாது.

1. நகரும் பொருளை முதலில் எழுதுங்கள்

ஒரு ஷிஃப்ட் முழுவதும் லைன் ஓரத்தில் நின்று, எந்தப் பொருள், எந்த நேரத்தில், எத்தனை ட்ராலியில், யாரால் கொண்டுவரப்படுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். திட்டத் துறையின் தாளில் இருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது சராசரியைத்தான் காட்டும். ஷிஃப்ட் தொடங்கும் முதல் அரைமணி நேரத்திலும் உணவு இடைவேளை முடிந்த உடனும் கேட்பு ஏறிவிடும். வண்டி அந்த உச்சத்தைத் தாங்க வேண்டும்.

காலி ட்ராலி திரும்பும் பயணத்தையும் எழுதுங்கள். நிரம்பிய ட்ராலியை மட்டும் கணக்கிட்டுவிட்டுக் காலி ட்ராலியை மறப்பது மிகப் பரவலான பிழை. காலி ட்ராலி லைனில் கிடந்தால் அடுத்த ட்ராலியை விட இடம் இருக்காது. வண்டி சரக்குடன் காத்து நிற்கும்.

இப்போது ட்ராலி தள்ளும் தொழிலாளி தள்ளுவதைத் தவிர வேறு என்ன செய்கிறார் என்பதைக் கவனிப்பது இன்னும் முக்கியம். அவர் பாகப் பெட்டிகளைச் சரியாக அடுக்குகிறார், அடுத்த பாகத்தைக் கேட்கும் கான்பன் அட்டையைத் திருப்பிக் கொண்டுபோகிறார், தவறான பாகம் வந்திருந்தால் லைனிலேயே சொல்லிவிடுகிறார். ஏஜிவி இவற்றில் எதையும் செய்யாது. இந்த வேலைகள் யாரிடம் போகும் என்று பெயர் குறித்து எழுதிய பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

2. ட்ராலியைச் சரிசெய்யுங்கள்

ஆர்டர் கொடுப்பதற்கு முன் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. மனிதர் தள்ளும்போது கோணலான சக்கரத்தையும் வளைந்த சட்டத்தையும் அவருடைய கைகளே ஈடுசெய்துவிடும். இயந்திரம் இழுக்கும்போது அந்தக் குறைகள் அத்தனையும் வெளியே வந்துவிடும்.

முதலில் இழுவிசையை அளவிடுங்கள். முழுச் சுமையேற்றிய ட்ராலியில் ஸ்பிரிங் தராசு ஒன்றை மாட்டி, சமதரையில் மெதுவாக இழுங்கள். 500 கிலோ எடையுள்ள ட்ராலி நல்ல பாலியூரித்தேன் சக்கரத்தில் உருளும்போது தராசு ஏறத்தாழ 10 கிலோ காட்டும். ஆனால் நின்றிருக்கும் ட்ராலியை முதலில் அசைக்கும்போது முள் அதைவிட வெகுதூரம் தாவும். முன்சக்கரங்கள் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் இன்னும் கூடும். 2 விழுக்காடு ஏற்றம் ஒன்று வந்தால் அதே ட்ராலிக்கு மேலும் 10 கிலோ இழுவிசை தேவைப்படும். கண்ணுக்கே தெரியாத அந்தச் சரிவு சுமையை இரட்டிப்பாக்கிவிடுகிறது. வண்டி விற்பவரிடம் ‘எத்தனை கிலோ இழுக்கும்’ என்று மட்டும் கேட்காமல், நீங்கள் அளந்த அதிகபட்ச இழுவிசையைக் கொடுத்து அதற்கு எழுத்தில் உறுதி பெறுங்கள்.

அடுத்தது சக்கர அமைப்பு. பின்னால் இரண்டு நிலையான சக்கரங்களும் முன்னால் இரண்டு சுழல் சக்கரங்களும் உள்ள ட்ராலி வளைவில் ஒழுங்காகப் பின்தொடரும். நான்கும் சுழல் சக்கரமாக இருந்தால் ட்ராலியின் வால் பக்கவாட்டில் வீசும், ரேக் காலில் இடிக்கும். விட்டம் 100 மி.மீ.க்குக் குறைந்த சக்கரங்கள் தரை இணைப்புகளில் சிக்குவதால் 150 மி.மீ. வைப்பது நல்லது.

சக்கர பிரேக்குகளைக் கழற்றிவிடுங்கள். லைன் ஆபரேட்டர் பழக்கத்தில் காலால் பிரேக்கை அழுத்திவிட்டால், வண்டி பூட்டிய சக்கரத்தை இழுத்துக்கொண்டே போகும், அல்லது ஓவர்லோடு என்று நின்றுவிடும். அதற்குப் பதிலாக ட்ராலி நிற்கும் இடத்தில் தரையில் இரண்டு ஆங்கிள் துண்டுகளைப் பதித்து, ட்ராலி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கும்படி செய்யுங்கள். ட்ராலியின் அடியில் புகுந்து முளை ஒன்றை உயர்த்திக் கொக்கியில் மாட்டும் வகை ஏஜிவிக்கு இது கட்டாயம். ட்ராலி கோணலாக நின்றால் முளை கொக்கிக்கு வெளியே எழும்பும், வண்டி வெறுமனே கிளம்பிவிடும். கொக்கியில் ட்ராலி மாட்டியதை உணரும் சென்சார் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லா ட்ராலிகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அடி உயரம், கொக்கியின் இடம், சக்கர இடைவெளி ஆகியவற்றைச் சரிபார்க்க எளிய ஜிக் (அளவுச் சட்டம்) ஒன்றைச் செய்து, ஒவ்வொரு ட்ராலியையும் அதில் ஏற்றிப் பார்த்து எண் எழுதுங்கள். எண் இல்லாவிட்டால், பத்து ட்ராலிகளில் ஒன்று வளைந்திருக்கும்போது கோளாறு வண்டியில் இருக்கிறதா ட்ராலியில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே நாட்கள் போய்விடும்.

3. பாதையைத் தரையில் வரையுங்கள்

ஆட்டோகேட் வரைபடத்தில் பாதை போடுவது தொடக்கம் மட்டுமே. பிறகு சாக்பீஸால் தரையில் வரைந்து, முழுச் சுமை ட்ராலியைக் கையால் அந்தக் கோட்டின் மீது இழுத்துப் பாருங்கள். வளைவின் ஆரம் போதுமா, ட்ராலியின் உள்பக்க மூலை எவ்வளவு உள்ளே வெட்டுகிறது என்பது அப்போதுதான் தெரியும். வெளிக்கோட்டையும் உள்கோட்டையும் வேறு நிறத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கோடு எங்கே போட வேண்டும் என்பதை அவையே சொல்லும்.

அகலத்தைப் பொறுத்தவரை, ஓட்டுநரில்லா தொழிலக வண்டிகளுக்கான ஐஎஸ்ஓ 3691-4 தரநிலையைப் பின்பற்றுங்கள். ஆட்கள் நடமாடும் சாதாரண இயக்கப் பகுதியில் வண்டியும் சுமையும் செல்லும் பாதையின் இருபுறமும் 2.1 மீட்டர் உயரம் வரை 0.5 மீட்டர் இடைவெளி தேவை. ஓர் ஆள் வண்டிக்கும் சுவருக்கும் இடையே நசுங்காமல் நிற்பதற்கான இடம் அது. எங்காவது அந்த இடைவெளி கிடைக்காவிட்டால் அப்பகுதியை ஆபத்துப் பகுதியாகக் குறித்து, எச்சரிக்கைப் பலகையும் குறைந்த வேகமும் வைக்க வேண்டும். இடைவெளியை வண்டியின் அகலத்திலிருந்து அளக்காமல், வண்டி, ட்ராலி, அதன்மேல் துருத்தும் சுமை ஆகியவற்றில் எது அகலமோ அதிலிருந்து அளக்க வேண்டும்.

ஃபோர்க்லிஃப்ட் பாதையோடு கலப்பதை முடிந்தவரை தவிருங்கள். வண்டியின் முன் ஆளோ தடையோ இருக்கிறதா என்று தரைக்கு அருகில் பார்க்கும் ஸ்கேனருக்கு, இடுப்பளவு உயர்ந்து நிற்கும் ஃபோர்க்கின் முனை தெரியாது. தீயணைப்புக் கருவிகளின் முன்னும் அவசர வாயிலிலும் வண்டி நிற்கும் இடம் வரக் கூடாது. தீத்தடுப்பு ஷட்டர் வழியாகப் பாதை போனால், தீ அலாரம் ஒலித்ததும் வண்டி ஷட்டருக்கு அடியில் நின்றுவிடாமல் அதைக் கடந்தோ அதற்கு முன்னரோ நிற்கும்படி நிரலில் எழுத வேண்டும்.

தரையைப் பார்க்கும்போது நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்: எண்ணெய் கசிவு, விரிசலும் இணைப்பும், சரிவு, இரும்பு. ஏஜிவி தன் எடையைவிடப் பல மடங்கு சுமையை இழுப்பதால், ஓட்டுசக்கரத்தின் மேல் உள்ள எடைதான் பிடிமானம் தருகிறது; கூலன்ட் சிந்திய இடத்தில் சக்கரம் சுழன்றுகொண்டே நிற்கும். தரையில் பதித்த இரும்பு மூடிகளும் காந்தம் ஏறிய கம்பிகளும் பட்டையை உணரும் சென்சாரைக் குழப்பும். ஆகவே பட்டை ஒட்டுவதற்கு முன்னரே சென்சாரை வெறும் தரையின் மீது பாதை முழுவதும் நகர்த்தி, எங்கே சிக்னல் காட்டுகிறது என்று பாருங்கள்.

4. எத்தனை வண்டி வேண்டும் என்று கணக்கிடுங்கள்

ஓர் எடுத்துக்காட்டு: சுற்றுப்பாதை 180 மீட்டர், லைனுக்கு மணிக்கு 12 ட்ராலி தேவை, வண்டியின் வேகம் நொடிக்கு 1 மீட்டர் என்று கையேடு சொல்கிறது. 180 மீட்டருக்கு 3 நிமிடம், மணிக்கு 20 சுற்று, எனவே ஒரு வண்டி போதும் என்று தோன்றும். இப்படிக் கணக்கிட்டு ஒரு வண்டியை வாங்கிவிட்டு லைன் நிற்பதைப் பார்த்தவர்கள் பலர்.

வளைவிலும் சந்திப்பிலும் வேகம் குறைவதால் சராசரி வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் என்று வைத்தால் பயணத்திற்கு 300 நொடி ஆகும். ட்ராலியை மாட்டவும் கழற்றவும் ஒரு சுற்றில் 90 நொடி, ஆட்கள் குறுக்கிடுவதற்கும் சந்திப்பில் காத்திருப்பதற்கும் 60 நொடி. மொத்தம் 450 நொடி, அதாவது ஏழரை நிமிடம். ஒரு வண்டிக்கு மணிக்கு 8 சுற்று. 12-ஐ 8-ஆல் வகுத்தால் 1.5. சார்ஜுக்கும் கோளாறுக்கும் 15 விழுக்காடு நேரம் கழித்தால் 1.76 ஆகிறது. எனவே இரண்டு வண்டி. மாட்டும் நேரத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் ஊகிக்காமல், சாக்பீஸ் கோட்டில் ட்ராலியை இழுத்துப் பார்த்த நாளிலேயே நிறுத்தக் கடிகாரத்தால் அளந்துவிடுங்கள்.

5. இப்போது ஆர்டர் கொடுங்கள்

அளந்த இழுவிசை, வளைவின் ஆரம், சரிவு, சுற்று நேரம், ட்ராலியின் வரைபடம் ஆகியவை கொள்முதல் ஆவணத்தில் இணைக்கப்பட வேண்டும். ஏற்புச் சோதனையை ‘வண்டி ஓடியது’ என்பதால் முடிவு செய்யாமல், ‘உங்கள் தரையில், உங்கள் ட்ராலியுடன், முழுச் சுமையில், ஒரு முழு ஷிஃப்டில் இத்தனை ட்ராலி லைனுக்கு வந்தது’ என்பதால் முடிவு செய்யும்படி எழுதுங்கள்.

பேட்டரியையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். லெட்-ஆசிட் விலை குறைவு. ஆனால் முழுதாகச் சார்ஜ் ஏற ஒரு ஷிஃப்ட் நேரம் ஆகும், மாற்றுப் பேட்டரி தேவைப்படும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவருவதால் காற்றோட்டமான தனி இடமும் வேண்டும். இரண்டு, மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலைக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையே ஏற்றது. ஸ்டோர்ஸில் ட்ராலி மாட்டக் காத்திருக்கும் சில நிமிடங்களில் எல்லாம் அதைச் சார்ஜில் போடலாம். ஆகவே சார்ஜரை வண்டி இயல்பாக நிற்கும் இடத்திலேயே வையுங்கள்.

6. பட்டையையும் டேகையும் ஒட்டுங்கள்

பட்டை வழக்கமாக 25 அல்லது 50 மி.மீ. அகலத்தில் வரும். மேல்நோக்கி இருக்க வேண்டியது வட துருவமா தென் துருவமா என்பதைச் சென்சாரின் கையேட்டில் பார்த்து, ஒவ்வொரு சுருளையும் ஒட்டுவதற்கு முன் சோதியுங்கள். நடுவில் ஒரு துண்டு தலைகீழாக ஒட்டப்பட்டால் வண்டி அந்த இடத்தில் பாதையை இழந்து நிற்கும். கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

தரையை எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் டிகிரீசரால் கழுவி, முழுதாக உலரவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகு நூலடித்துக் கோடு போடுங்கள். பட்டையை இழுத்து நீட்டி ஒட்டக் கூடாது. நீட்டிய பட்டை பின்னர் சுருங்கி, இணைப்புகளில் இடைவெளி விடும். உருளையால் அழுத்தி, மேலே பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுங்கள். ஃபோர்க்லிஃப்ட் குறுக்கே கடக்கும் இடத்தில் மேலே ஒட்டிய பட்டை நிலைக்காது. அதன் பின்சக்கரம் திரும்பும்போது பட்டையை உரித்துவிடும். அங்கே மட்டும் தரையில் காடி வெட்டி, பட்டையை உள்ளே பதித்து, எப்பாக்சியால் மூடுங்கள்.

மெஷின் ஷாப்புக்கு அருகே போகும் பாதையில் இன்னொரு தொல்லை உண்டு. வார்ப்பிரும்புத் தூளும் எஃகுச் சுருளும் ஷூக்களோடு வந்து பட்டையில் ஒட்டிக்கொண்டு, முள்ளம்பன்றி முள்ளைப் போல நிமிர்ந்து நிற்கும். சென்சார் காட்டும் அளவு அங்கே குலையும். சுழல் சக்கரத்தின் ரப்பரில் துகள்கள் பதியும். துடைப்பத்தால் பெருக்கினால் அவை நகருமே தவிரப் போகாது. பட்டையைவிட வலுவான காந்தம் பொருத்திய துடைப்பானால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் எடுக்க வேண்டும். முடிந்தால் அந்தப் பகுதியைத் தவிர்த்தே பாதையை அமையுங்கள்.

நில், வேகத்தைக் குறை, ஸ்கேனர் புலத்தை (ஸ்கேனர் கண்காணிக்கும் பரப்பை) மாற்று, இடப்பக்கம் திரும்பு போன்ற கட்டளைகளை வண்டி தரையில் உள்ள ஆர்எஃப்ஐடி டேகை (ரேடியோ அலையால் படிக்கப்படும் எண் வில்லையை) படித்துத்தான் செயல்படுத்துகிறது. வேகம் குறைக்கும் டேகை வளைவின் தொடக்கத்தில் ஒட்டாதீர்கள். டேகைப் படித்து, வேகம் இறங்குவதற்கான தூரத்தைக் கணக்கிட்டு முன்னாலேயே ஒட்டுங்கள். ஒவ்வொரு டேகின் எண்ணும் இடமும் வேலையும் ஒரே தாளில் இருக்க வேண்டும்.

இரண்டு வண்டிகள் ஓடினால் ஒவ்வொரு சந்திப்புக்கும் முன் நிற்கும் டேக் ஒன்று வேண்டும். அனுமதி கிடைத்த பிறகே வண்டி உள்ளே நுழையும். வைஃபை சிக்னல் அறுந்தால் சந்திப்புக்கு வெளியே நிற்பதே சரி. சிக்னல் அளவு பாதை முழுவதும் மைனஸ் 67 டிபிஎம்முக்கு (சிக்னல் வலிமையின் அலகு) கீழே இறங்காமல் இருக்கிறதா என்பதை ரேக்குகள் நிரம்பியிருக்கும் நாளில் சோதியுங்கள். இரும்புப் பொருட்கள் அடுக்கிய ரேக் சிக்னலை மறைக்கும்.

7. ஸ்கேனரை அமைத்து, சுமையுடன் சோதியுங்கள்

இந்தப் படியில் அவசரம் கூடவே கூடாது. ஆளைக் கண்டு வண்டியை நிறுத்தும் பணியைச் செய்வது பாதுகாப்புச் சான்று பெற்ற லேசர் ஸ்கேனராக இருக்க வேண்டும்; ஆளைக் கண்டறியும் அமைப்புக்குப் பிஎல் டி (PL d) என்ற பாதுகாப்பு நம்பகத்தன்மை நிலையை ஐஎஸ்ஓ 3691-4 தரநிலை கேட்கிறது. விலை குறைந்த சாதாரண தடை சென்சார் அதற்கு மாற்றாகாது.

நிற்கும் தூரத்தை முதலில் கணக்கிடுங்கள். வேகம் நொடிக்கு 1 மீட்டர், அமைப்பு எதிர்வினை காட்ட 0.3 நொடி, வேகம் குறையும் வீதம் நொடிக்கு நொடி 0.5 மீட்டர் என்றால், 0.3 மீட்டரும் 1 மீட்டரும் சேர்ந்து 1.3 மீட்டர் ஆகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் அதே கணக்கில் 0.4 மீட்டர் போதும். மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. ஆட்கள் அதிகமுள்ள இடத்தில் ஸ்கேனர் புலத்தைச் சுருக்குவதைவிட வேகத்தைக் குறைப்பதே எப்போதும் சரி என்பதற்கு இதுவே காரணம். இழுக்கும் வண்டியில் பிரேக் முன்னால் மட்டுமே இருப்பதால், பின்னால் வரும் ட்ராலி அதைத் தள்ளும். எனவே கணக்கில் வந்த தூரத்தை முழுச் சுமையில் ஓட்டி, தரையில் டேப்பால் அளந்து உறுதிசெய்யுங்கள்.

புலத்தைச் சுருக்கும் பிழை எப்படி நேர்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். நேர்ப்பாதைக்கான நீண்ட புலத்துடன் வண்டி வளைவுக்குள் போகும்போது அது ரேக் காலைத் தடையாகக் கண்டு நிற்கும். உற்பத்தி நிற்கிறது என்ற நெருக்கடியில் யாரோ ஒருவர் மென்பொருளில் புலத்தை எல்லா இடத்துக்கும் சிறிதாக்கிவிடுவார். வண்டி நிற்காமல் ஓடும், எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும். அன்று முதல் நேர்ப்பாதையில் அந்த வண்டியால் ஆளுக்கு முன் நிற்க முடியாது. வளைவுக்கென்று தனிப் புலம் வரைந்து, டேக் மூலம் வேகத்தோடு சேர்த்து மாற்றுவதுதான் முறை. புலத்தை மாற்றும் கடவுச்சொல் ஒருவரிடமே இருக்கட்டும். மாற்றம் ஒவ்வொன்றும் கையொப்பத்துடன் பதிவாகட்டும்.

சோதனைக்கு இரண்டு உருளைகள் தேவை: 200 மி.மீ. விட்டமும் 600 மி.மீ. நீளமும் உள்ளது ஒன்று, தரையில் படுக்கவைப்பதற்கு, 70 மி.மீ. விட்டமும் 400 மி.மீ. உயரமும் உள்ளது மற்றொன்று, நிறுத்திவைப்பதற்கு. முதலாவது தரையில் விழுந்து கிடக்கும் ஆளையும், இரண்டாவது நிற்பவரின் காலையும் குறிக்கும். ஸ்கேனர் மேடுபள்ளங்களில் பொய்யாக நிற்கிறது என்று அதன் பிடிப்பானை 200 மி.மீ.க்கு மேலே உயர்த்தினால், படுத்திருக்கும் ஆள் அதன் பார்வைக்கு வெளியே போய்விடுவார். பாதையின் நடுவிலும் இரு ஓரங்களிலும் வளைவிலும், அதிக வேகத்திலும் அதிகச் சுமையிலும் சோதியுங்கள். உருளைக்கு மங்கலான கறுப்புத் துணி சுற்றிவிட்டு மீண்டும் சோதியுங்கள். கறுப்பு லேசர் ஒளியை மிகக் குறைவாகத் திருப்பி அனுப்பும். மேற்கு பார்த்த லோடிங் டாக் இருந்தால், மாலை வெயில் ஷட்டர் வழியாகத் தாழ்வாக விழும் நேரத்திலும் ஓட்டிப் பாருங்கள்.

8. ஆட்களைத் தயார் செய்யுங்கள்

பயிற்சியின் முதல் பாடம் எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்துவது. ஒவ்வொருவரும் ஓடும் வண்டியைத் தம் கையால் ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தினால் திட்டுவார்களோ என்ற அச்சம் அப்போதுதான் விலகும். மீண்டும் இயக்கும் உரிமை யாருக்கு என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் ஒருமுறை நடத்திய வகுப்பு போதாது. புதிதாகச் சேருவோருக்கான முதல் நாள் பயிற்சியில் இதையும் சேருங்கள். பலகைகள் தமிழிலும் இந்தியிலும், படத்தோடும் இருக்கட்டும்.

மஞ்சள் கோட்டுக்குள் பெட்டி வைக்காதே என்று அறிவிப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. காலிப் பெட்டியை வைக்க வேறு இடம் இல்லாததால்தான் அது அங்கே வருகிறது. லைனில் ஒவ்வொரு நிலையத்திற்கும் காலிப் பெட்டிக்கான இடத்தைக் கோடு போட்டுக் கொடுத்தால், அறிவிப்பு இல்லாமலேயே பாதை காலியாக இருக்கும்.

9. ஓட்டத்திற்கு விடுங்கள், நிற்பதைப் பதியுங்கள்

முதலில் உற்பத்தி இல்லாத நேரத்தில் காலியாகவும், பிறகு சுமையுடனும், அதன்பின் பகல் ஷிஃப்டில் மட்டும் லைனுக்காகவும் ஓட்டுங்கள். இரவு ஷிஃப்டைக் கடைசியில் சேருங்கள்; அப்போது மெயின்டனன்ஸ் ஆட்கள் குறைவு. கையால் ட்ராலி தள்ளும் ஏற்பாடு அதுவரை கைவசம் இருக்க வேண்டும்.

வண்டி நின்ற ஒவ்வொரு முறையும் நேரம், கடைசியாகப் படித்த டேக் எண், ட்ராலி எண், காரணம் ஆகிய நான்கையும் எழுதும் தாளை வண்டியிலேயே தொங்கவிடுங்கள். ஒரே டேக் திரும்பத் திரும்ப வந்தால் தரையையோ பட்டையையோ பாருங்கள். ஒரே ட்ராலி வந்தால் சக்கரத்தைப் பாருங்கள். ஒரே நேரம் வந்தால் அந்த நேரத்தில் பாதையில் யார் எதை வைக்கிறார்கள் என்று போய் நின்று பாருங்கள்.

ஷிஃப்ட் தொடக்கத்தில் ஸ்கேனர் கண்ணாடியைப் பஞ்சு பிரியாத மென்துணியால் துடைத்து, இடித்தால் வண்டியை நிறுத்தும் பம்பரையும் எமர்ஜென்சி ஸ்டாப்பையும் ஒருமுறை இயக்கிப் பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை பட்டையின் இணைப்புகளையும் ஓட்டுசக்கரத்தின் தேய்மானத்தையும் பாருங்கள். பாதை, சுமை, வேகம் ஆகியவற்றில் எது மாறினாலும் ஏழாம் படியின் உருளைச் சோதனையை முழுதாகத் திரும்பச் செய்து, பதிவேட்டில் கையொப்பம் வாங்கிய பிறகே வண்டியை லைனுக்கு விடுங்கள்.